திரும்பி வர வண்டி உண்டு

அலர்மேல்மங்கை பாட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறவள். ஆனால் அவள் எழுத்தில் முதல் வரி பாட்டைப் பற்றி இருக்காது. கச்சேரி முடிந்த பிறகு எந்த ரயில், எந்த பஸ், அது திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டாவில் நிற்குமா நிற்காதா என்றுதான் ஆரம்பிப்பாள். இன்ஸ்டாகிராமில் அவள் நடத்தும் பக்கத்துக்கே 'திரும்பி வர வண்டி உண்டு' என்றுதான் பெயர். புதன்கிழமை சாயங்காலமானால் அந்த வாரத்துக்கு மூன்று கச்சேரிகளைப் போடுவாள். பெரும்பாலும் சென்னை, எப்போதாவது பெங்களூர். திருப்பதி வந்தால் அது அதிசயம்.

சினிமாப் பாட்டு அவள் கணக்கில் கிடையாது. சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற சின்னச் சின்ன இண்டி பாண்டுகள், ஒரு லேப்டாப்பையும் கையகல கீபோர்டையும் வைத்துக்கொண்டு ஆளைத் துள்ள வைக்கிற எலக்ட்ரோபாப்காரர்கள், இவர்கள்தான். 'இந்தப் பையனுக்குக் குரல் சுமார். ஆனால் மூன்றாவது பாட்டில் பேஸ் அதிர்வு வந்து நெஞ்சில் உட்காரும், அதற்காகப் போகலாம்' என்று எழுதுவாள். 'பாட்டு அருமை, பாத்ரூம் மோசம், பெண்கள் யோசித்துக்கொள்ளவும்' என்பாள். 'இதைவிட நல்ல கச்சேரி இந்த மாதம் இல்லை. ஆனால் முடிகிற நேரத்துக்கு வண்டி இல்லை, ஆகவே போகாதீர்கள்' என்றும் ஒருமுறை எழுதினாள். அந்த ஒரு வரிக்காகவே அவளை நம்பியவர்கள் அதிகம். ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் கம்பெனி வேலைக்கு வந்து கிடக்கிற திருத்தணி, அரக்கோணம், வாணியம்பாடிப் பிள்ளைகள் அவர்கள். சனிக்கிழமை ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு நிற்க வேண்டியவர்கள்.

பிறந்தது சித்தூர். நைனா பஸ் மெக்கானிக். அம்மா திருச்சானூர் தாயாரை வேண்டிப் பெற்ற பெண் என்பதால் வாய்கொள்ளாத பெயர். ஊரில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை, மங்கை என்று வெட்டிவிட்டார்கள். ரேணிகுண்டாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், எந்த ஷிப்டுக்கு எந்த பஸ் எங்கே போக வேண்டும் என்று அனுப்பி வைக்கிற வேலை. சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் வடமாலபேட்டை லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். கம்பெனிப் பெண்களுக்கான ஹாஸ்டல் அது, சென்னை ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஜன்னலில் நின்றால் திருப்பதிக்குப் போகிற யாத்திரை பஸ்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு பஸ்ஸும் அரைப் பாட்டை விட்டுவிட்டுப் போய்விடும். மீதி என்ன என்று தெரியாமலே தூங்க வேண்டும். பிறகு திருப்பதியில் தனி ரூம் எடுத்ததும் அவள் செய்த முதல் காரியம், சென்னைக்குப் போய் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டது. இரண்டாவது காரியம், கடைசி ரயிலை விட்டுவிட்டு ஸ்டேஷனில் பயந்து நடுங்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது. முதல் வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த வருஷம் ஆடியில் அவள் எழுதுவதோடு நிற்காமல் கச்சேரியையே திருப்பதிக்குக் கொண்டுவந்தாள். சென்னையில் 'ஈரத்துணி' என்று ஒரு ஜோடி. தருண் மிஷின்களைக் கவனித்துக்கொள்வான், மைத்ரேயி பாடுவாள். பெயர்தான் அப்படி, பாட்டில் பொறி பறக்கும். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசினாள். ஆடி மாதம், மண்டபம் சும்மாதானே கிடக்கும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மண்டபத்தில், அதே ஆடியில், ஒரு சின்னக் கச்சேரி நடந்தபோது கல்யாணக் கூட்டம் என்று ஈ காக்கை இல்லை. ரசீதின் அடியில் 'முகூர்த்தம் வந்தால் முகூர்த்தத்துக்கே முன்னுரிமை' என்று அச்சடித்திருந்தது. மேனேஜர் மோகன்ராஜ் அதை விரலால் தொட்டும் காட்டினார். ஆடியில் எவன் சார் கல்யாணம் பண்ணுவான் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரம் பக்கத்தில் மூன்று கச்சேரிக்குப் பதில் ஒன்றே ஒன்றைப் போட்டாள். இருநூறு பேருக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஹாஸ்டல் வார்டன் செல்லியம்மா நாற்பது பெண்களை வெளியே விட ஒப்புக்கொண்டதுதான். அந்த ஹாஸ்டலில் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எதற்கும் கேட் திறந்ததில்லை. முன்பு ஒரு தடவை காளஹஸ்திக்குப் போவதாகச் சொன்ன நாலு பெண்கள் வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டு, பெற்றவர்கள் வந்து வாசலில் நின்று செல்லியம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அந்த அம்மாள் இரும்பு. மங்கை ஒரு மாதம் நடையாய் நடந்தாள். கல்யாண மண்டபம் என்றதும்தான் செல்லியம்மா முகம் கொஞ்சம் இளகியது.

"உன் வார்த்தைக்காக விடறேன். சொன்ன எடம், சொன்ன டைமு. ஒண்ணு மாறினாலும் இந்த கேட்டு இன்னொரு வாட்டி தெறக்காது" என்றாள்.

அந்த நாற்பது பேரில் சபீனா ஒருத்தி. வாணியம்பாடிப் பெண், கம்பெனியில் போன் டெஸ்டிங். மேல் கட்டிலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனிலேயே பாட்டு செய்கிறவள். மங்கை கேட்டுவிட்டு மைத்ரேயிக்கு அனுப்ப, முதல் பாட்டோடு சேர்த்து இரண்டு பாட்டு அந்தப் பெண்தான் பாட வேண்டும் என்று மைத்ரேயி ஒற்றைக்காலில் நின்றாள். சபீனா ஒரு வாரமாகச் சரியாகத் துன்னவில்லை என்று ரூமில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை. கச்சேரி சாயங்காலம். காலையிலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போன மங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரியிலிருந்து அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வேறு ஏதாவது மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். அதே மண்டபம்தான்.

மோகன்ராஜ் அவளைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு விசா திடீரென்று வந்துவிட்டதாம், நேற்று இரவுதான் வந்து கேட்டார்களாம், காலையில் போன் செய்யலாம் என்றிருந்தாராம்.

"ஆடியில கல்யாணமா சார்?" என்றாள்.

"ஆடி உங்க வீட்டு காலண்டருமா. எங்க தெலுங்கு காலண்டர்ல ஆஷாடம்தான் கல்யாணம் ஆவாத மாசம், அது அமாவாசையோட போச்சு. ஸ்ராவணம் பொறந்து ரெண்டு வாரம் ஆவுது, ஊரெல்லாம் முகூர்த்தம். ரெண்டு வருஷம் முன்னால அதிக மாசம்னு ஒரு மாசம் கூடுதலா வந்துச்சு, அதுல முகூர்த்தம் கெடையாது, அதான் காலியா இருந்துச்சு. அன்னைக்கு நீ சிரிச்சப்ப, தெரிஞ்சுதான் சிரிக்கிறேன்னு நெனச்சிக்கினேன்."

மங்கை பிறந்தது ஆந்திரா, படித்தது தெலுங்கு ஸ்கூல், கனவில்கூடப் பாதித் தெலுங்கு. ஆனால் சித்தூர் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் மட்டும் தமிழ். நல்ல நாளும் கெட்ட நாளும் அதில் பார்த்தே பழகிவிட்டது. ஆடி முடிகிற வரைக்கும் ஊரில் ஒருத்தருக்கும் கல்யாணம் இல்லை என்று அவள் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டாள். அமாவாசைக்கு அமாவாசை கணக்குப் போடுகிறவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள் என்பது தோன்றவே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மங்கையின் கச்சேரி பறந்ததில் என்ன ஆச்சரியம்?

அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை. மண்டபத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த மண்டபத்துக்கெல்லாம் போன் போட்டாள். எல்லா இடத்திலும் வாழை மரம். இரண்டு இடத்தில் போனை எடுத்தவர் பேசுவது நாதஸ்வரத்தில் கேட்கவே இல்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது, ஊரிலுள்ள அண்டாக்கள் எல்லாம் அன்று வேறு கல்யாணத்தில் இருந்தன. மத்தியானம் தாண்டி, கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மொட்டை மாடி காலி என்றார்கள். இருநூறு பேர் நிற்கலாம், கரண்ட் உண்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். மங்கைக்கு உயிர் வந்தது. உடனே செல்லியம்மாவைக் கூப்பிட்டாள்.

மண்டபம் போய்விட்டதைச் சொன்னாள். காலண்டர் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள். லாட்ஜ் மாடி என்றதும் செல்லியம்மா பேச்சை வெட்டினாள்.

"மண்டபம்னு சொல்லி லாட்ஜிக்கு இட்டுக்கினு போனா அதுக்கு இன்னா பேரு, நீயே சொல்லு. எந்தப் பொண்ணு வீட்ல நான் இன்னான்னு பதில் சொல்றது? வேணாம். விட்டுடு."

அடுத்த நிமிஷம் தருண் கூப்பிட்டான். வேன் நகரி தாண்டிவிட்டது, எங்கே வர வேண்டும் என்றான். லாட்ஜ் மாடி என்றால் அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இதைவிட மோசமான மாடியில் எல்லாம் வாசித்திருக்கிறார்கள். மாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருநூறு பேரும் வருவார்கள், பக்கத்தின் மானம் பிழைக்கும், இத்தனை வருஷம் சேர்த்த நம்பிக்கை பிழைக்கும். ஹாஸ்டல் பெண்கள் மட்டும் உடுத்தின புதுத் துணியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். சபீனா போர்வைக்குள் போய்விடுவாள். அப்புறம் அவளை யாராலும் வெளியே எடுக்க முடியாது. அவளைப் போலவே இரண்டு வருஷம் அந்த ஜன்னலில் நின்றவளுக்கு இது தெரியாதா?

நகரி, புத்தூர், அதற்கு அடுத்து வடமாலபேட்டை. பஸ் அனுப்பி அனுப்பிப் பழகிய மண்டை, தானாகவே அந்த ரூட்டை ஓட்டிப் பார்த்தது. வேன் திருப்பதிக்கு வர வேண்டுமென்றால் ஹாஸ்டல் வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பெண்கள் கச்சேரிக்கு வர முடியாது. கச்சேரி பெண்களிடம் போகலாமே!

சொன்னதும் தருணுக்குப் பிடிக்கவில்லை. இருநூறு பேரை விட்டுவிட்டு நாற்பது பேருக்கா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மைத்ரேயி அவனிடமிருந்து போனை வாங்கி, சபீனா எங்கே இருக்கிறாளோ அங்கேதான் கச்சேரி, நீங்கள் வார்டனிடம் பேசுங்கள் என்றாள். வார்டனிடம் பேசுவதாவது! இரண்டாவது தடவை கூப்பிட்டபோது செல்லியம்மா நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தாள். கச்சேரியை ஹாஸ்டலுக்கே கொண்டுவருகிறேன் என்று மங்கை சொன்னாள்.

"ஆம்பள யாராச்சும் உண்டா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஒருத்தரு. மிஷின் வாசிக்கிறவரு."

"கேட்டுக்குள்ள வரக் கூடாது."

"வேணாம். வேன்லயே ரோட்டோரமா உக்காந்து வாசிப்பாரு. ஒயரு மட்டுந்தான் உள்ள வரும்."

செல்லியம்மா யோசித்தாள். ஒயரைப் பற்றி ரூல் ஒன்றும் இல்லை என்றாள். இருட்டி எட்டு மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்றும் சொல்லிப் போனை வைத்தாள்.

டீக்கடை பெஞ்சிலேயே மங்கை பக்கத்தில் எழுதினாள். கச்சேரி நடக்கவில்லை, தப்பு என்னுடையது, டிக்கெட் காசு திரும்பி வரும், தயவுசெய்து யாரும் வர வேண்டாம். போட்ட கையோடு வசவு வர ஆரம்பித்தது. உன்னை நம்பி ஷிப்டு மாற்றினேன் என்று ஒருவர். நீயும் எல்லாரையும் போலத்தான் என்று இன்னொருவர். அதற்கு மேல் படிக்காமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு வடமாலபேட்டைக்குக் கிளம்பினாள்.

ஹாஸ்டலில் பெண்கள் சந்தோஷத்தில் குதிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலை நிறையப் பூ, சிலர் காலில் புதுச் செருப்பு. சபீனாதான் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாட்ட நாங்க போன்லயே கேட்டுக்குவோம்கா. வெளிய வரணும்னுதான் ஆசப்பட்டோம்."

காலையிலிருந்து மண்டபத்தையும் மாடியையும் வேனையும் துரத்திக்கொண்டிருந்தவள், இவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையே மறந்துவிட்டிருந்தாள். அதுவும் அவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வெட்கமாக இருந்தது.

வெயில் இறங்கியதும் வேன் வந்து ரோட்டோரம் நின்றது. தருண் வேனின் பின்கதவைத் திறந்து, லேப்டாப்பையும் பெட்டிகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு ஸ்பீக்கரும் கேட்டுக்கு உள்ளே. நடுவில் ஒயர். அந்த இரும்பு கேட் தண்டவாளத்தில் உருண்டு மூடுகிற ரகம், இழுத்து மூடினால் ஒயர் நசுங்கிவிடும். ஆகவே ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்தே வைக்க வேண்டியதாயிற்று. செல்லியம்மா அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்டைவிட அந்த அம்மாள் கெட்டி. பெண்கள் முற்றத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள், ஸ்கூல் பிரேயர் மாதிரி.

சபீனாவின் பாட்டு அவள் போனில் இருந்தது. போன் வேனில், தருணின் மிஷினில் சொருகியிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாட ஆரம்பித்ததும் அந்த முற்றமே மாறிவிட்டது. ஷிப்டு மணியையும் பஸ் ஹாரனையும் வைத்துக் கட்டிய பாட்டு அது. கீழே பேஸ் அதிர, மேலே இந்தப் பெண்ணின் மெல்லிய குரல். பிரேயர் வரிசை குலைந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மைத்ரேயி கை தட்டிக்கொண்டே ஓரமாக நின்றாள்.

பாட்டு உச்சிக்குப் போகிற நேரத்தில் டக்கென்று நின்றது. ஸ்பீக்கர் இரண்டிலும் காதைக் கிழிக்கிற மாதிரி ரிங்டோன். வாணியம்பாடியிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள். சபீனா போனைப் பூட்டி வைத்திருந்தாள், அழைப்பை வெட்டினாலும் பாட்டை மறுபடி எடுக்க அவள் விரல்தான் வேண்டும். தருண் வேனில் திருதிருவென்று விழித்தான். சபீனா ஒன்றும் யோசிக்கவில்லை. மைக்கும் கையுமாக ஓடினாள். செல்லியம்மாவின் சேரை ஒட்டி, இடைவெளியில் புகுந்து, கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய் வேனுக்குள் கையை நீட்டிப் போனை அடக்கினாள்.

அதற்குப் பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. முற்றத்தில் எல்லோரும் செல்லியம்மாவைப் பார்த்தார்கள். போச்சு, இத்தோடு எல்லாம் போச்சு என்று மங்கை நினைத்தாள். ஆனால் சபீனா உள்ளே திரும்பவில்லை. செல்லியம்மாவைப் பார்த்தாள், மைக்கை வாயருகே கொண்டுபோனாள், போனில் பாட்டை முதலிலிருந்து தட்டிவிட்டாள். ரோட்டில் நின்றபடியே பாடினாள்.

ஒருத்தி எழுந்து கேட் பக்கம் போனாள், சபீனாவைப் பார்ப்பதற்காக. பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு கும்பலாக. இடைவெளி வழியே இரண்டு பேர் வெளியே கால் வைத்தார்கள். செல்லியம்மா எழுந்தாள். எழுந்த வேகத்தில் எல்லோரும் உறைந்து நின்றார்கள். அவள் சேரைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தாள். வேனையும் தாண்டிப் போய், தார் ரோட்டின் ஓரத்தில் சேரை நங்கென்று வைத்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"என் சேரத் தாண்டி ஒரு காலு போவக் கூடாது. இதுவரைக்கும் ஹாஸ்டல்தான்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நாற்பது பேரும் வெளியே வந்தார்கள். புதுச் செருப்பில் புழுதி ஏறியது. மைத்ரேயி மைக்கை வாங்கிக்கொண்டு தன் பாட்டை ஆரம்பிக்க, ரோட்டோரத்தில் அப்படி ஓர் ஆட்டம். வர வேண்டாம் என்று எழுதியும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்த ஸ்ரீசிட்டிப் பையன்கள் நாலைந்து பேர் தூரத்தில் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். மங்கை வேனில் சாய்ந்துகொண்டு அழுதாள். காலையில் அழ நேரம் கிடைக்காததையும் சேர்த்து அழுதாள்.

செல்லியம்மா கையைக் காட்டி அவளை அருகில் கூப்பிட்டாள்.

"மண்டபத்துக்கு மறுபடியும் எப்ப?" என்றாள் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு காலண்டரும் பாத்து தேதி சொல்லு. நானும் வரேன்."

அப்போது புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு யாத்திரை பஸ் வந்தது. கும்பலைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தான். ஜன்னலெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. சபீனாவுக்கு அப்போது இரண்டாவது பாட்டின் முறை, ரோட்டைப் பார்த்து நின்று பாடிக்கொண்டிருந்தாள். பஸ் நிற்காமல் மெல்லக் கடந்து திருப்பதிப் பக்கம் போனது. இந்தத் தடவை பாதிப் பாட்டோடு போனவர்கள் பஸ்ஸில் இருந்தவர்கள்தான். மீதியை இவர்கள் முழுசாகக் கேட்டார்கள்.